பிளாக்ஃபேஸ் என்றால் என்ன? பெர்ட் வில்லியம்ஸை முன்வைத்து ஓர் அறிமுகம்

நூறாண்டுக்கு முந்தைய அமெரிக்க நகைச்சுவை நடிகர் பெர்ட் வில்லியம்ஸின் மேடைப் புகைப்படத்தை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். கறுப்பினத்தவரான இவர் எதற்காக முகத்தில் கரி பூசிக்கொண்டிருக்கிறார்? தலையில் சுருள்மயிர் டோப்பா, வாயைச் சுற்றி வெளிறிய பட்டை, கையில் வெள்ளை உறை, நைந்துபோன கோட்டு, காலுக்குப் பொருந்தாத பெரிய ஷூ. பக்கத்திலேயே வேஷம் போடாத படமும் இருந்தால் குழப்பம் இன்னும் கூடும். அதில் இருப்பவர் நல்ல உயரமான, மாநிறமான, நேர்த்தியாக உடுத்திய ஒரு கனவான்.

அன்றைய அமெரிக்க மேடைக்குள் நுழைய ஒரு கறுப்பினக் கலைஞர் கொடுக்க வேண்டியிருந்த விலை அது என்பது சுருக்கமான பதில். அதோடு நிறுத்திக்கொண்டால் வில்லியம்ஸைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொண்டதாகாது. அந்த வேஷத்துக்கு விதிகள் இருந்தன. விதிகளை உண்டாக்கியவர்கள் வெள்ளையர்கள். அந்த விதிகளை மீறாமலே, உள்ளே இருந்த கேலிச்சித்திரத்தை எடுத்துவிட்டு ஒரு மனிதனை வைத்தார் என்பதுதான் வில்லியம்ஸின் சாதனை. அது எப்படி நடந்தது என்று பார்க்க, முதலில் கரியிலிருந்து தொடங்க வேண்டும்.

கரி வேஷமும் அதன் விதிகளும்

வெள்ளை நடிகர்கள் முகத்தைக் கறுப்பாக்கிக்கொண்டு கறுப்பினத்தவரைப் போல ஆடிப் பாடிக் கேலி செய்வதுதான் பிளாக்ஃபேஸ். 1830 வாக்கில் தாமஸ் டார்ட்மத் ரைஸ் என்ற வெள்ளை நடிகர் 'ஜிம் க்ரோ' என்ற பாத்திரத்தை இப்படி ஆடிப் பெயர் வாங்கினார். பிற்காலத்தில் தென்மாநிலங்களின் நிறப்பாகுபாட்டுச் சட்டங்களுக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. 1843இல் நியூயார்க்கில் வர்ஜீனியா மின்ஸ்ட்ரல்ஸ் என்ற நால்வர் குழு ஃபிடில், பாஞ்சோ, டாம்பரின், எலும்புத் தாளம் ஆகிய நான்கையும் சேர்த்து ஒரு முழு மாலை நிகழ்ச்சியாக இதை நடத்தியது. மின்ஸ்ட்ரல் ஷோ என்ற தொழில் அங்கிருந்து வளர்ந்தது.

அதன் அமைப்பு சீக்கிரமே உறைந்துபோனது. முதல் பகுதியில் குழு அரைவட்டமாக உட்காரும். நடுவில் கம்பீரமாகப் பேசும் ஒருவர், இரு ஓரங்களிலும் டாம்போ, போன்ஸ் என்ற இரண்டு கோமாளிகள். அடுத்தது தனித்தனி அயிட்டங்கள்: பாட்டு, நடனம், அர்த்தமில்லாத மேடைப் பேச்சு. கடைசியில் ஒரு குறுநாடகம், அநேகமாகப் பண்ணையில் நடப்பதாக. மூன்று பகுதியிலும் கறுப்பினத்தவர் இரண்டே வகை. ஒருவன் சோம்பேறி, மந்தபுத்தி, கோழி திருடுபவன். இன்னொருவன் பகட்டாக உடுத்திக்கொண்டு தப்புத் தப்பாகப் பெரிய வார்த்தை பேசும் நகரத்துக்காரன். இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வில்லியம்ஸுக்கும் அவருடைய கூட்டாளிக்கும் கைக்குக் கிடைத்த மூலப்பொருள் இவைதான்.

ஒப்பனைக்கு அந்தக் காலக் கையேடுகள் சொல்லும் முறை இது. பாட்டில் தக்கைகளைத் தகரப் பாத்திரத்தில் போட்டு, ஆல்கஹால் ஊற்றிக் கொளுத்த வேண்டும். முழுக்கக் கருகி மொறுமொறுவென்று ஆனதும் பொடித்து, தண்ணீர் விட்டுக் கெட்டியாகக் குழைத்துச் சிறு டப்பாக்களில் அடைத்துக்கொள்வார்கள். பூசுவதற்கு முன் முகத்திலும் கையிலும் கோகோ வெண்ணெய் தடவிக்கொண்டால், ஆட்டம் முடிந்தபின் உலர்ந்த துணியாலேயே கரியைத் துடைத்து எடுத்துவிடலாம். உதட்டைச் சுற்றிக் கரி படாமல் அகலமாக விட்டு, வாயைப் பெரிதாகக் காட்டுவார்கள்.

நடிகருக்கு இதில் ஒரு தொழில்முறைச் சிக்கல் உண்டு. பளபளப்பில்லாத கரி மேடை விளக்கை விழுங்கிவிடும். புருவச் சுளிப்பு, கன்ன அசைவு எதுவும் பின்வரிசைக்குத் தெரியாது. தெரிபவை கண்ணும் வாயும் மட்டுமே. அதனால்தான் மின்ஸ்ட்ரல் நடிகர்கள் கண்ணை உருட்டுவதையும் வாயைப் பிளப்பதையும் வழக்கமாக்கிக்கொண்டார்கள். வில்லியம்ஸ் தேர்ந்தெடுத்தது வேறு வழி. கண்ணை மெல்ல நகர்த்தினார், தோளைத் தொங்கவிட்டார், வெள்ளை உறை போட்ட கைகளைப் பேச வைத்தார்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த 1865இலிருந்து கறுப்பினத்தவரே நடத்தும் மின்ஸ்ட்ரல் குழுக்கள் வந்தன. 'நாங்கள் அசல்' என்பதுதான் அவர்களுடைய விளம்பரம். ஆனால் பார்வையாளர்கள் அசல் என்று நம்பிக்கொண்டிருந்தது வெள்ளையர்கள் செய்துவைத்திருந்த நகலை. அதற்கு ஏற்ப இருந்தால்தான் டிக்கெட் விற்கும். ஆகவே இவர்களிலும் பலர், குறிப்பாகக் கோமாளிப் பாத்திரங்கள், கரி பூசிக்கொண்டார்கள்.

வில்லியம்ஸும் வாக்கரும்

எக்பர்ட் ஆஸ்டின் வில்லியம்ஸ் 1874 நவம்பர் 12 அன்று பஹாமாஸ் தீவுகளின் நாசோ நகரில் பிறந்தவர். சிறுவயதிலேயே குடும்பம் அமெரிக்காவுக்குப் போய், கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் குடியேறியது. அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பேச்சுவழக்கு அவருக்குத் தாய்மொழி அல்ல. மேடைக்காகக் காது கொடுத்துக் கேட்டுப் படித்துக்கொண்டதுதான். அவரை 'இயல்பான' கோமாளி என்று அன்றைய பத்திரிகைகள் எழுதியதைப் படிக்கும்போது இதை மறந்துவிடக் கூடாது.

1893இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு சிறு மின்ஸ்ட்ரல் குழுவில் சேர்ந்தபோது, கான்சஸ் மாநிலத்து லாரன்ஸிலிருந்து வந்திருந்த ஜார்ஜ் வாக்கரைச் சந்தித்தார். அடுத்த வருடம் கோல்டன் கேட் பூங்காவில் நடந்த கண்காட்சியில் இருவருக்கும் ஒரு விசித்திரமான வேலை கிடைத்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் டஹோமியிலிருந்து வரவேண்டிய ஆட்கள் வந்துசேரத் தாமதமானதால், உள்ளூர்க் கறுப்பின இளைஞர்களைக் கூலிக்கு அமர்த்தி ஆப்பிரிக்கர்களாக உட்கார வைத்தார்கள். உண்மையான டஹோமியர்கள் வந்ததும் இவர்களுக்கு வேலை போனது. ஆனால் அவர்களுடைய ஆட்டத்தையும் பாட்டையும் பார்த்து அசந்துபோனதாக வாக்கர் பின்னாளில் எழுதினார்.

ஜோடியின் ஆரம்ப அமைப்பு தலைகீழாக இருந்தது. வாக்கர் கோமாளி, வில்லியம்ஸ் பாஞ்சோவோடு நேரான பாடகர். 1890களின் நடுவில் டெட்ராய்ட்டில் ஒருநாள் வில்லியம்ஸ் விளையாட்டாகக் கரி பூசிக்கொண்டு ஒரு பாட்டைப் பாடினார். அரங்கம் சிரித்தது. தன்னை இன்னொரு ஆளாகப் பார்க்க முடிந்த பிறகுதான் தன் நகைச்சுவை உணர்வே வளர்ந்தது என்று 1918இல் எழுதிய கட்டுரையில் அவர் சொல்கிறார். அதற்குப்பின் பாத்திரங்கள் இடம் மாறின. வாக்கர் பகட்டுக்காரர், துறுதுறுப்பானவர், திட்டம் போடுபவர். வில்லியம்ஸ் மெதுவானவர், அதிர்ஷ்டம் கெட்டவர், அந்தத் திட்டங்களில் மாட்டிக்கொள்பவர். வாக்கர் கரி பூசவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு கறுப்பினத்தவன் தன்னையே காட்டுவதற்காகத் தன்னைக் கோமாளியாக்கிக்கொள்வதைப் போன்ற அபத்தம் வேறில்லை என்பது அவர் கருத்து. ஒரே மேடையில் ஒருவர் கரியோடும் ஒருவர் கரியில்லாமலும் நின்றது அந்த ஜோடியின் தனித்தன்மை.

தங்களை 'இரண்டு அசல் கூன்கள்' என்று விளம்பரப்படுத்திக்கொண்டார்கள். 'கூன்' என்பது கறுப்பினத்தவரை ரக்கூன் விலங்கோடு சேர்த்துச் சொன்ன வசை. காதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. கரி பூசிய வெள்ளைக் கோமாளிகள் அந்தப் பெயரிலேயே சம்பாதித்துக்கொண்டிருந்த சந்தையில் அவர்களைப் போலி என்று காட்டுவதற்குச் செய்த வியாபாரத் தந்திரம் அது.

1896இல் நியூயார்க் கசீனோ தியேட்டரில் ஓர் இசைநாடகத்தில் இவர்களுக்குச் சின்ன இடம் கிடைத்தது. நாடகம் தோற்றது, இவர்கள் எடுபட்டார்கள். உடனே கோஸ்டர் அண்ட் பியால் மியூசிக் ஹாலில் தொடர் ஆட்டம். அங்கேதான் கேக்வாக் நடனத்தை நகரத்து மோகமாக்கினார்கள். பண்ணைகளில் அடிமைகள் எஜமானர்களின் ஆடம்பர நடையைப் பார்த்துக் கிண்டலாக ஆடிய ஆட்டம் அது. நன்றாக ஆடிய ஜோடிக்குக் கேக் பரிசு. கிண்டலுக்கு ஆளானவர்களின் வாரிசுகளே காசு கொடுத்து அதைக் கற்றுக்கொண்டது வேடிக்கை.

புகழ் பாதுகாப்பு தரவில்லை. 1900 ஆகஸ்டில் நியூயார்க்கில் கறுப்பினத்தவர் மீது கலவரம் வெடித்தபோது, கும்பல் இந்த இருவரின் பெயரைச் சொல்லியே தேடியது. டிராம் வண்டியில் வந்த வாக்கர் மயிரிழையில் தப்பினார்.

பிராட்வே

1903 பிப்ரவரி 18 அன்று இன்றைய டைம்ஸ் சதுக்கத்தின் நியூயார்க் தியேட்டரில் 'இன் டஹோமி' அரங்கேறியது. இசை வில் மரியன் குக், பாடல்கள் கவிஞர் பால் லாரன்ஸ் டன்பார், வசனம் ஜெஸ்ஸி ஷிப். கறுப்பினத்தவரே எழுதி, இசையமைத்து, நடித்த முழுநீள இசைநாடகம் ஒன்று நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயின் பெரிய அரங்குக்குப் போனது அதுவே முதல் தடவை. மேடை அவர்களுடையது, ஆனால் கறுப்பினப் பார்வையாளர்களுக்கு இடம் மேல்மாடியில்தான். 53 காட்சிகளுக்குப் பிறகு குழு லண்டனுக்குக் கப்பலேறியது. மே மாதம் ஷாஃப்ட்ஸ்பரி தியேட்டரில் தொடங்கி, ஜூன் 23 அன்று இளவரசர் எட்வர்டின் ஒன்பதாவது பிறந்தநாளுக்காக பக்கிங்ஹாம் அரண்மனையிலும் ஆடினார்கள்.

கதை எளிமையானது. ஆப்பிரிக்காவுக்குக் குடிபெயரும் சங்கம் ஒன்று, அதைச் சுற்றி மோசடிகள், நடுவில் இரண்டு துப்பறிபவர்கள். வெளியே பார்த்தால் மின்ஸ்ட்ரலின் அதே இரண்டு வகை ஆட்கள். ஆனால் பகட்டுக்காரன் இப்போது உண்மையிலேயே புத்திசாலி. மந்தமானவன் தனக்கு என்ன நடக்கிறது என்று முழுக்கத் தெரிந்தும் தடுக்க முடியாதவன். அரங்கம் அவனைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கி, அவன் பக்கம் சாய்ந்துவிடும்.

இதற்குப்பின் 1906இல் 'அபிசீனியா', 1908இல் 'பந்தானா லேண்ட்'. அந்த நாடகம் ஓடும்போதே வாக்கருக்கு உடல்நிலை மோசமானது. சிஃபிலிஸ் முற்றிப் பேச்சும் நடையும் தடுமாறின. அவர் மனைவி எய்டா ஓவர்டன் வாக்கர், கணவரின் ஆண் உடையையே அணிந்து அவர் பாட்டைப் பாடி ஆட்டத்தைக் காப்பாற்றினார். எய்டா தன்னளவில் பெரிய நடனக் கலைஞர், தனிக் கட்டுரை வேண்டியவர். வாக்கர் 1911 ஜனவரியில் இறந்தார். குழுவின் வரவுசெலவு, பேரம், கூட்டாளிச் சண்டை எல்லாவற்றையும் சமாளித்துவந்தவர் அவர். அவர் நோயில் விழுந்தபின், அவரில்லாமல் 1909இல் வில்லியம்ஸ் தனியாக ஒரு நாடகத்தை நடத்திப் பார்த்தார். நிலைக்கவில்லை.

'நோபடி' என்ற பாட்டு

வில்லியம்ஸின் கலையை ஒரே உருப்படியில் பிடிக்க வேண்டுமென்றால் இதுதான். பாடல் வரிகள் அலெக்ஸ் ராஜர்ஸ், மெட்டு வில்லியம்ஸ். 1905இல் அச்சில் வந்தது, 1906இல் கொலம்பியா நிறுவனத்துக்காக ஒலிப்பதிவானது.

அமைப்பைப் பாருங்கள். ஒவ்வொரு சரணத்திலும் பாட்டின் நாயகன் தன் கஷ்டங்களை அடுக்கி, 'அப்போது எனக்கு உதவியவர் யார்' என்று கேட்பான். பதில், 'நோபடி', அதாவது 'ஒருத்தருமில்லை'. அந்த ஒரு சொல் வரும் வேகத்தில்தான் பாட்டே இருக்கிறது. தாளத்தோடு சரியாக இறக்கினால் அது சாதாரண வேடிக்கைப் பாட்டு. வில்லியம்ஸ் சரணத்தைப் பாதி பேச்சாகவே சொல்லிக்கொண்டு வந்து, கேள்வி முடிந்ததும் சற்றுத் தாமதிப்பார். வாத்தியம் தன் போக்கில் போய்க்கொண்டிருக்கும். பிறகு, வேறு வழியில்லாமல் ஒப்புக்கொள்பவனைப் போல அந்தச் சொல்லை இழுத்துவிடுவார். பல்லவியில் அதே ஆள் கணக்கு வைத்துப் பேசுவான்: நான் யாருக்கும் ஒன்றும் செய்ததில்லை, யாரும் எனக்கு ஒன்றும் செய்ததில்லை, எவராவது எப்போதாவது எனக்கு எதையாவது செய்கிறவரைக்கும் நானும் எவருக்கும் எதுவும் செய்வதாக இல்லை. பாவம் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அங்கே ஒரு முள் குத்தும்.

மேடையில் பாட்டுக்கு முன்பே நடிப்பு ஆரம்பமாகிவிடும். நைந்த கோட்டுப் பையைத் துழாவி ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தை எடுப்பார். பக்கம் பக்கமாக நிதானமாகப் புரட்டுவார். தேடியது அகப்படும்வரை அரங்கம் காத்திருக்க வேண்டியதுதான். இன்னொருவனின் கஷ்டம் எப்போதும் சிரிப்பு தரும் என்பது அவர் கொள்கை. தன் பாத்திரத்தைப் பற்றி அவரே சொன்னது: வானத்திலிருந்து சூப் மழை கொட்டினாலும், கையில் ஸ்பூன் இல்லாமல் முள்கரண்டியோடு நிற்பவன்.

இந்தப் பாட்டு அவருக்கே தொல்லையாகிவிட்டது. வேறொன்றைப் பாடலாம் என்று பார்த்தால் கூட்டம் விடாது. ஏழு வருடம் இதையே பாடித் தீர்க்க வேண்டியிருந்ததாகப் புலம்பியிருக்கிறார்.

ஃபாலிஸில் ஒரே ஒருவர்

1910இல் நாடகத் தயாரிப்பாளர் ஃப்ளோரன்ஸ் ஸீக்ஃபெல்ட் தன் 'ஃபாலிஸ்' நிகழ்ச்சிக்கு வில்லியம்ஸை எடுத்தார். வெள்ளை நடிகர்களோடு சமமான முக்கிய இடத்தில் ஒரு கறுப்பினக் கலைஞர் பிராட்வேயின் பெரிய ரெவ்யூவில், அதாவது பாட்டும் நடனமும் நகைச்சுவையும் கலந்த நிகழ்ச்சியில், தோன்றுவது புதுசு. சக நடிகர்கள் வெளிநடப்பு செய்யப்போவதாக மிரட்டினார்கள். 'உங்களில் யாரை வேண்டுமானாலும் மாற்றிவிடுவேன், அவரை முடியாது' என்று ஸீக்ஃபெல்ட் சொன்னதாகப் பேச்சு. 1919 வரை, ஓரிரு வருடங்கள் நீங்கலாக, வில்லியம்ஸ் அதில் தொடர்ந்தார்.

ஒப்பந்தத்தில் அவர் கேட்டு வாங்கிய நிபந்தனைகளைப் பார்த்தால் காலம் புரியும். மேடையில் எந்த வெள்ளைப் பெண்ணோடும் தான் தனியாக நிற்கக் கூடாது. தென்மாநிலங்களுக்குச் சுற்றுப்பயணம் போகக் கூடாது. இரண்டும் உயிருக்கான முன்ஜாக்கிரதை.

1917 ஃபாலிஸில் ஒரு காட்சி. வில்லியம்ஸ் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்துச் சுமைதூக்கி. கல்லூரியில் படித்துவிட்டு வரும் மகனுக்காகக் காத்திருக்கிறார். மகனாக வருவது எடி கான்டர் என்ற வெள்ளை நடிகர், கரி பூசிக்கொண்டு. அப்பா, மகன் இருவர் முகத்திலும் ஒரே கரி. ஆட்டம் முடிந்து துடைத்த பிறகு இருவருக்கும் கிடைத்த ஊர் ஒன்றல்ல. கான்டர் ஹோட்டலின் முன்வாசல் வழியாகப் போகலாம். வில்லியம்ஸுக்குச் சாமான் ஏற்றும் லிஃப்ட். கறுப்பினத்தவனாக இருப்பதில் கேவலம் எதையும் தான் கண்டதில்லை, ஆனால் அமெரிக்காவில் அது அடிக்கடி அசௌகரியமாக இருக்கிறது என்பது அவருடைய புகழ்பெற்ற வாக்கியம். 1919இல் நடிகர் சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்தபோது அவருக்கு யாரும் சொல்லவில்லை. வழக்கம்போல் வந்து, வேஷம் கட்டி, ஒப்பனை அறையைவிட்டு வெளியே வந்தால் அரங்கம் காலி.

கறுப்பினப் பத்திரிகைகளிலும் அவர்மேல் விமர்சனம் இருந்தது. தங்கள் நாடக இயக்கத்தை விட்டுவிட்டு வெள்ளையர் நிகழ்ச்சிக்குப் போய்விட்டார், இன்னமும் கரியைக் கழுவவில்லை என்றார்கள். அது நியாயமான குற்றச்சாட்டுதான். வாக்கர் உயிரோடு இருந்திருந்தால் இந்த வழியில் போயிருக்கமாட்டார்கள் என்றே தோன்றுகிறது.

1922 பிப்ரவரியில் டெட்ராய்ட் மேடையில் ஆடிக்கொண்டிருந்தபோது சரிந்து விழுந்தார். நிமோனியா. மார்ச் 4 அன்று நியூயார்க்கில் இறந்தபோது வயது 47.

இன்று எதைக் கேட்பது, எதைப் பார்ப்பது

வில்லியம்ஸும் வாக்கரும் 1901 அக்டோபரில் விக்டர் நிறுவனத்துக்காக முதன்முதலில் ஒலிப்பதிவு செய்தார்கள். ஆனால் அறிமுகத்துக்கு அவை வேண்டாம். 1906இன் 'நோபடி'யில் தொடங்கி, அதையே 1913இல் அவர் மறுபடி பதிவு செய்ததைக் கேளுங்கள். இரண்டாவதில் நிதானம் கூடியிருக்கிறது.

கேட்கும்போது ஒன்றை மனதில் வையுங்கள். மைக் புழக்கத்துக்கு வந்தது 1925இல். அதற்கு முன் பாடகர் ஒரு பெரிய புனலுக்குள் பாடுவார். அந்த ஒலி ஒரு மெல்லிய தகட்டை அதிரவைக்க, தகட்டோடு இணைந்த ஊசி மெழுகில் கோடு கிழிக்கும். முணுமுணுப்பு ஊசியை அசைக்காது, திடீர்க் கத்தல் கோட்டைக் கெடுத்துவிடும். 10 அங்குலத் தட்டில் ஏறக்குறைய மூன்று நிமிடந்தான் கொள்ளும். ஆக, மேடையில் அவர் எடுத்துக்கொண்ட நீண்ட மௌனங்கள் தட்டில் இல்லை. நாம் கேட்பது சுருக்கிய வடிவம். ஆர்க்கியோஃபோன் நிறுவனம் அவருடைய பதிவுகளை மூன்று சிடிக்களாகச் செப்பமிட்டு வெளியிட்டிருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் இரைச்சலான பிரதிகளை வைத்து அவர் குரலை எடை போட வேண்டாம்.

படங்களில் முதலில் 1916இன் 'எ நேச்சுரல் பார்ன் கேம்ப்ளர்'. அதன் கடைசிப் பகுதி ஃபாலிஸில் அவர் செய்துவந்த ஊமைநடிப்பு. சிறையறையில் தனியாக உட்கார்ந்து, இல்லாத சீட்டுக்கட்டைக் கலைத்து, இல்லாத ஆட்களுக்குப் போட்டு, போக்கர் ஆடுகிறார். தன் கைச்சீட்டுகளை ஒட்டிப் பிடித்து ஓரம் ஓரமாக விரித்துப் பார்க்கும்போது அந்தச் சீட்டு நம் கண்ணுக்கே தெரியும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அந்தக் காலப் படங்கள் கையால் சுழற்றிய கேமராவில், நொடிக்குச் சுமார் 16 படச்சட்டம் என்ற கணக்கில் எடுக்கப்பட்டவை. அதை 24 சட்டத்தில் ஓட்டினால் ஒரு நிமிடம் 40 நொடியாகிவிடும். நிதானத்தையே கலையாக வைத்திருந்தவர் குதித்துக் குதித்து ஆடும் கோமாளியாகத் தெரிவார். வேகமாக ஓடுகிற பிரதி கிடைத்தால், பார்க்கும் செயலியில் வேகத்தை 0.67க்கு, அந்த அளவு இல்லையென்றால் 0.75க்கு, குறைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது 1913இல் பயோகிராஃப் என்ற படநிறுவனம் எடுத்து, முடிக்காமலே விட்ட படம். தலைப்புகூட இல்லாத ஏழு ரீல் நெகட்டிவ், நிறுவனத்தின் மற்ற சரக்குகளோடு நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு வந்து பல பத்தாண்டுகள் அடையாளம் தெரியாமல் கிடந்தது. 2014இல் 'லைம் கில்ன் கிளப் ஃபீல்ட் டே' என்ற பெயரில் தொகுத்துக் காட்டினார்கள். பெரிய கறுப்பின நடிகர் கூட்டத்தில் கரி பூசியிருப்பவர் வில்லியம்ஸ் மட்டும். நாயகர் ஒருவர் மட்டும் கரி பூசிக்கொண்டுவிட்டால் மற்றவர்கள் தங்கள் முகத்தோடு வரலாம் என்ற ஏற்பாடாக இது இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். நல்ல உடையில் ஜோடிகள் கேக்வாக் ஆடுகிறார்கள், ராட்டினம் சுற்றுகிறார்கள், கடைசியில் வில்லியம்ஸ் தன் காதலியான ஒடெஸ்ஸா வாரன் கிரேயை முத்தமிடுகிறார். அன்றைய வெள்ளையர் தயாரிப்புகளில் கறுப்பினக் காதலர்களின் முத்தம் கேலியாகத்தான் வரும். இதில் கேலி இல்லை. எடுத்த காட்சிகளை வெட்டாமல் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியிருப்பதால், ஒரே காட்சியை அவர் இரண்டாம் முறை எப்படி மாற்றிச் செய்கிறார் என்றும், கேமரா ஓடாத இடைவெளியில் குழுவினர் எப்படிப் பேசிச் சிரித்து நிற்கிறார்கள் என்றும் பார்க்கலாம். அவருடைய வேலைமுறையைப் படிக்க இதைவிட நல்ல ஆவணம் கிடையாது.